டிரைவர் வயிறு

பதினேழாம் நம்பர் பேருந்தைப் பதினான்கு வருடம் ஓட்டியவளுக்கு டிப்போவில் வைத்த பெயர் மணிக்கூண்டு. துறைமுக வாசலில் கிளம்பி, நீதிமன்றம், பெண்கள் பள்ளி, சோப்புத் தொழிற்சாலை என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, மலையடிவாரத்துப் பால் பண்ணையில் போய் நிற்கிற வண்டி அது. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். அவள் வண்டி பள்ளி வாசலைத் தாண்டுவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. பட்டப்பெயரை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளும் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

நேரம் தவறாததற்குக் கை மட்டும் காரணம் இல்லை, வயிறும் காரணம். ஆண் ஓட்டுநர்களுக்கு ஒரு சுவர் போதும். சுவர் இல்லாவிட்டால் வண்டியின் பின் சக்கரம். பெண் என்ன செய்வாள்? பால் பண்ணை நிறுத்தத்தில் ஒரு கழிப்பறை இருந்தது. அதற்குப் பூட்டும் இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். விடியற்காலை அரை டம்ளர் டீ. அதற்குப் பிறகு, பகல் ஒரு மணிக்கு வண்டியை ஒப்படைக்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வயிற்றுக்கு வேறு அவசரம் வந்தாலும் வீட்டுக்குப் போய்த்தான். இதற்கு டிப்போவில் 'டிரைவர் வயிறு' என்று பெயர். கல்லைத் தின்றாலும் செரிக்கும், இரு என்றால் இருக்கும். அவளுடையது டிப்போவிலேயே முதல் தரம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

நாற்பத்தாறாவது வயதில் அந்த வயிற்றுக்கு அடுத்த வீட்டில் தகராறு ஆரம்பித்தது. மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று ரத்தம் போயிற்று. கருப்பையில் கட்டிகள் இருக்கின்றன, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னார். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"திரும்ப எப்ப டாக்டர் வண்டி ஓட்டலாம்?"

"பெரிய வண்டியா? மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதம்தானே என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முடிந்த மறுநாள் காலையில் வார்டுக்குள் வந்த நர்ஸ், கனத்த உடம்பும் அதைவிடக் கனத்த குரலும் உள்ளவர், எட்டுக் கட்டில்களுக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார்: "காத்து பிரிஞ்சுதாம்மா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கூச்ச சுபாவம். கல்யாணம் ஆகி இருபது வருடத்தில் இப்படி ஒரு பேச்சு அவர் காதில் விழுந்ததில்லை.

"இல்லை சிஸ்டர்" என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வயித்தைத் தொட்டுட்டோம்ல, குடல் கோவிச்சுக்கிட்டுத் தூங்குது. அது முழிச்சுக்கிட்டா ஒரு சத்தம் குடுக்கும். எழுந்து நடங்க. நடந்தாத்தான் முழிக்கும்."

நடந்தாள். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அன்றைக்கு முழுவதும் ஒன்றுமில்லை. வயிறு உப்பிக்கொண்டே போயிற்று. மூன்றாம் நாள் காலை பெரிய டாக்டர் ஆறு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, கட்டிலைச் சுற்றி நிறுத்தி, ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து, "எல்லாரும் அமைதியா இருங்க, கேக்கறேன்" என்றார். வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்போது ஸ்டெதஸ்கோப்பே தேவைப்படாத அளவுக்கு ஒரு சத்தம் கேட்டது.

அவள் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள். நர்ஸ் கைதட்டினார். எதிர்க்கட்டில் டீச்சர், அவருக்கு இன்னும் ஆகவில்லை, பெருந்தன்மையோடு தானும் தட்டினார். பிறகு மற்றக் கட்டில்களும் தட்டின. பெரிய டாக்டர், "சூப் குடுக்கலாம்" என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"பதினாலு வருஷம் ஒரு தடவை கூட லேட் ஆகாம ஓட்டினேன். ஒருத்தன் கைதட்டல" என்றாள் கணவரிடம், போர்வைக்குள்ளிருந்து. சிரித்தால் தையல் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

காற்று பிரிந்ததோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் ஆறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. வலி மாத்திரை ஒரு பக்கம் கட்டியது, ரத்தத்துக்குக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை மறுபக்கம் கட்டியது. போதாததற்குப் பயம் வேறு. கொஞ்சம் முக்கினால் தையல் விட்டுப்போகும் என்று யாரோ சொன்னதை அவள் நம்பிவிட்டாள். கழிப்பறைக்குள் போய் ஒரு பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வெளியே வருவாள்.

கணவர் கதவுக்கு வெளியே நின்று மெல்லக் கேட்டார். "என்ன, ஏதாவது...?"

"ஒண்ணும் இல்ல. நீங்க முதல்ல அந்தப் பக்கம் போங்க."

"இல்ல, ஃப்ரிட்ஜ்ல சின்ன பைப் அடைச்சுக்கிச்சுன்னா நாங்க ஒரு பக்கத்துலேருந்து நைட்ரஜன் அடிச்சு..."

"நான் என்ன ஃப்ரிட்ஜா?"

அவர் அந்தப் பக்கம் போனார்.

ஏழாம் நாள் தையலைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனபோது, அதே நர்ஸ் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே வந்து, "தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நல்ல மதிப்பெண் வாங்குகிற கேள்வி என்று நினைத்துவிட்டாள். "மத்தியானம் ஒரு மணி வரைக்கும் ஒரு சொட்டு கூடக் கிடையாது, சிஸ்டர்."

"வீட்ல படுத்திருக்கும்போதுமா?"

"ஆமா. பழக்கம்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க லீவுல இருக்கீங்கன்னு உங்க வயித்துக்கு யாரும் சொல்லலையா?"

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. வண்டி டிப்போவில் நிற்கிறது, வேறு யாரோ ஓட்டுகிறார்கள், அவள் மட்டும் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி பதினேழாம் நம்பரை நேரத்துக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறாள். பதினான்கு வருடப் பெருமை என்று நினைத்திருந்ததை ஒரே கேள்வியில் நர்ஸ் முட்டாள்தனமாக்கிவிட்டார். கோபம்கூட வந்தது.

நர்ஸ் விவரமாகச் சொன்னார். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர், பிறகு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. பழம், கீரை. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் போய் உட்கார வேண்டும், காலுக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி வைத்து, முன்னால் லேசாகச் சாய்ந்து. முக்கக் கூடாது. வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டால் தையலைப் பற்றிய பயம் போகும். டாக்டர் எழுதித் தந்த இளக்குகிற மருந்தையும் நிறுத்தக் கூடாது. "இன்னொண்ணு. வந்தா உடனே போங்க. அடக்கவே கூடாது."

முக்காலி என்ற வார்த்தையைக் கேட்டதும் கூட வந்திருந்த கணவரின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக அவர் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. கம்ப்ரஸர் வந்த மரப்பெட்டியை அறுத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று காலுக்கும் ரப்பர் மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலை நூல் அளவு குறைத்து, மறுபடி ரசமட்டம் வைத்தார். கழிப்பறையில் வைக்கப்போகிற பொருளுக்கு வார்னிஷ் எதற்கு என்று அவள் கேட்டாள். "வழுக்காத வார்னிஷ்" என்றார் அவர்.

முக்காலி வைத்த மூன்றாம் நாள் காலை அவள் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"ஆச்சு" என்றாள்.

அவர் எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். இரண்டு பேரும் அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள்.

ஆனால் பழைய வயிறு திரும்பி வரவில்லை, வந்தது புதியது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் போனதும் திடீரென்று ஒரு நெருக்கடி வரும். முன்பெல்லாம் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் சரி என்று கேட்டுக்கொண்ட வயிறு, இப்போது பத்து நிமிடத்துக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்றது. எல்லா நாளும் இல்லை, வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். எந்த நாள் என்று மட்டும் சொல்லாது. ஒருமுறை காய்கறிக் கடையில் கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது நர்ஸிடம் கேட்டாள்.

"இது எப்ப பழையபடி ஆகும் சிஸ்டர்?"

"பழையபடின்னா? தண்ணி குடிக்காம அடக்கி வைக்கிறதா? அது இனிமே வேண்டாம். சில பேருக்குக் கொஞ்ச மாசத்துல படிஞ்சுடும், சில பேருக்கு வழக்கமே மாறிடும். ரத்தம் போனாலோ வலி வந்தாலோ உடனே வாங்க. இல்லைன்னா பயப்படாதீங்க."

பயப்படாதீர்கள் என்று சொல்வது சுலபம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். பத்து நிமிட வயிற்றை வைத்துக்கொண்டு ஒன்றேகால் மணி நேரப் பாதையை எப்படி ஓட்டுவது?

மூன்று மாதம் முடிந்ததும் டிப்போ மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. "மூணு நாள் காலைல ஒரு சுத்து, செக்கிங் இன்ஸ்பெக்டர் பக்கத்துல இருப்பார். நேரம் சரியா இருந்தா உங்க சீட் உங்களுக்கு. இல்லைன்னா டைம் ஆபீஸ்ல உக்காந்துக்கலாம். ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. அதுவும் மரியாதையான வேலைதாம்மா."

டைம் ஆபீஸ் என்பது ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக மற்றவர்கள் ஓட்டிவந்த சீட்டுகளை வாங்கி முத்திரை குத்த வேண்டும். அவளுக்கோ நீதிமன்றத் திருப்பத்தில் அந்தப் பெரிய ஸ்டியரிங்கை ஒரு சுற்று வளைத்து, கை விட்டு, அது தானாக நேராவதை உள்ளங்கையில் உணர்வது பிடிக்கும். பதினான்கு வருடமாகத் தினமும் பிடித்திருந்தது. அதை விட்டுவிட்டு ஜன்னலில் உட்காரச் சொன்னால் செத்துப்போகலாம் என்று தோன்றியது.

அதனால் அவள் செய்யக் கூடாததைச் செய்தாள். முதல் நாள் தண்ணீர் குடிக்கவில்லை, காலைச் சாப்பாடும் சாப்பிடவில்லை. வண்டி அரை நிமிடம் பிசகவில்லை. சிரிக்கத் தெரியாத மனிதரான இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார், தலையாட்டினார். கண்டக்டர், "அக்கா, மணிக்கூண்டு திரும்பி வந்துடுச்சுக்கா!" என்று குதித்தான். இரண்டாம் நாளும் அப்படியே. இரண்டு நாளும் முக்காலிக்கு வேலை இல்லை. வயிறு கல்லாகிவிட்டது, இடுப்பு வரை வலித்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை கணவர் தண்ணீர்ச் செம்பை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் தாண்டிட்டாப் போதுங்க."

"அப்புறம்? ரிட்டயர் ஆகுற வரைக்கும் தினமும் ஒரு நாள் தாண்டணும். தண்ணி குடிச்சு ஓட்ட முடிஞ்சா ஓட்டு. முடியலைன்னா ஜன்னல்ல உக்காரு. ஆனா உன்னை இப்படி முறுக்கிப் படுக்கப் போடுற சீட் எனக்கு வேண்டாம்."

அவர் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதே அபூர்வம். அவள் இரண்டு டம்ளர் குடித்தாள், மருந்தும் குடித்தாள், பப்பாளி சாப்பிட்டாள். முக்காலியில் கால் வைத்து உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. நேரமாகிவிட்டது, கிளம்பினாள்.

நீதிமன்றத் திருப்பத்தில் வயிறு ஒரு தரம் புரண்டது. பள்ளி வாசலில் இன்னொரு தரம். ஆத்திரத்தை அடக்கினாலும் அடக்க முடியாதது எது என்று ஊருக்கே தெரியும், அதன் அண்ணனை அடக்குவது இன்னும் கஷ்டம். நெற்றி வியர்த்தது. இடது பக்கம் இன்ஸ்பெக்டர், மடியில் எழுத்துப் பலகை. பின்னால் நாற்பது பேர். ஜன்னல், முத்திரை, ஃபேன் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. சோப்புத் தொழிற்சாலையைத் தாண்டியதும் வலப்பக்கம் பெட்ரோல் பங்க் தெரிந்தது. அதன் மூலையில் கழுவிவிட்ட கழிப்பறை. அவள் இண்டிகேட்டரைப் போட்டாள்.

வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து திரும்பி நின்றாள். "எல்லாரும் மன்னிக்கணும். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் வயிறு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன். அவசரமானவங்க பின்னாடி வர்ற வண்டியில போய்க்கலாம்." இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை, ஓடினாள்.

அந்த ஐந்து நிமிட நிம்மதியை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. படிக்கிற எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள். இரண்டு நாள் கல் இறங்கியது. வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கை கழுவிக்கொண்டு கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. ஒன்பது பெண்கள். முதலில் நின்ற காய்கறிக்காரம்மா, "முடிஞ்சுதாம்மா? நகரு, நகரு" என்று அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்தே பேசினார்: "ஆறு வருஷமா இந்த வண்டியில வர்றேன். தினமும் இந்த இடத்தைப் பாத்துக்கிட்டேதான் போவேன். இன்னைக்குத்தான் வண்டி நின்னுச்சு!"

ஆண்கள் பக்கம் வரிசை இன்னும் நீளம். அதில் நான்காவதாக இன்ஸ்பெக்டர், எழுத்துப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். காலி வண்டிக்குக் காவலாக நின்ற கண்டக்டர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். "அக்கா, வண்டியைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவனும் ஓடினான்.

வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்தி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "எனக்கும் எடுத்தாச்சும்மா, ரெண்டு வருஷம் ஆகுது. இதே கதைதான். யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல. நீ என்னம்மா சாப்பிடுற? தண்ணி எவ்வளவு குடிக்கிற?" அவள் நர்ஸ் சொன்னதை எல்லாம் சொன்னாள், முக்காலியின் உயரத்தையும் சேர்த்து. சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டே வந்தது. எத்தனை மாதமாகத் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்!

வண்டி பால் பண்ணைக்குப் பதினாறு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் தாமதம்.

தாமதமானால் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். அதில் காரணத்துக்கு ஆறு கட்டங்கள் அச்சடித்திருக்கும்: டயர், எஞ்ஜின், நெரிசல், விபத்து, மழை, டீசல். ஓட்டுநருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும், தலை சுற்றினாலும், சுவரைத் தேடி இறங்கினாலும் எல்லோரும் டயர் கட்டத்தில்தான் குறி போடுவார்கள். அது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். ஒரே டிப்போவில் இவ்வளவு டயர் எப்படிப் பழுதாகிறது என்று தலைமை அலுவலகம் மண்டையை உடைத்துக்கொண்டு, போன வருடம் டயர் கம்பெனியையே மாற்றிவிட்டது.

"டயர்னு போட்டுடலாம் சார்" என்றான் கண்டக்டர். இன்ஸ்பெக்டரின் பேனாவும் அந்தக் கட்டத்துக்கு மேலேதான் நின்றது. போட்டால் அவள் குற்றம் இல்லை என்றாகிவிடும், சீட் கிடைத்துவிடும். நாளை மறுபடி நாடகம்.

"டயர் பாவம் சார்" என்றாள் அவள். "வயிறுன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு கட்டம் இல்லையே."

"போடுங்க."

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, ஆறாவது கட்டத்துக்குக் கீழே அதே அளவில் ஏழாவது ஒன்று கோடு போட்டார். அதில் 'வயிறு' என்று எழுதினார். அதோடு நிற்காமல் கீழே, 'ஓட்டுநர், நடத்துநர், பரிசோதகர், பயணிகள் இருபத்தேழு பேர்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். "என்ன இது? பரிசோதகர்னு வேற போட்டிருக்கு?"

"நான்தான் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "இருபது வருஷமா எனக்கு மூலம். வீட்டுக்காரிக்குத் தவிர யாருக்கும் தெரியாது. நானும் டிரைவரா இருந்தவன்தானே. அடக்கி அடக்கி வந்தது. எத்தனை டயர் எழுதியிருப்பேன்னு கணக்கே இல்ல. இந்த அம்மா நாப்பது பேருக்கு முன்னாடி எழுந்து நின்னு சொன்னாங்க. எனக்கு அந்தத் தைரியம் வரல சார்."

மேலாளர் கேட்டார், "அப்ப அந்த டயர் கம்பெனி?"

"நல்ல டயர் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலில் சிரித்தது மேலாளர்தான். அவர் சிரிக்க ஆரம்பித்த பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேர அட்டவணையை எடுத்து, பதினேழாம் நம்பருக்கு எதிரே பங்க் நிறுத்தத்தில் பத்து நிமிடம் என்று சிவப்பு மையில் எழுதினார். எழுதிவிட்டு, "வண்டியில தண்ணி பாட்டில் வைக்க ஒரு ஸ்டாண்டும் அடிச்சுடச் சொல்றேன்" என்றார். அவள் நன்றி என்று சொல்ல நினைத்தாள், வந்தது அழுகை, அதையும் சிரிப்பிலேயே கலந்து விட்டுவிட்டாள்.

பத்தேகால் வண்டியை அவளே எடுத்தாள்.